மழை பொய்த்த ஆண்டில் அடுப்படிக் கணக்கு

ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை கார்த்திகையிலும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், கரிசல் காட்டு மானாவாரி விவசாயி முதலில் கடன் கணக்கைப் பார்க்கிறார். அடுத்து மாட்டுத் தீவனம். அதற்கடுத்து அடுத்த பருவத்திற்கான விதை. தை மாதம் தொடங்கி மறு தை வரை வீட்டிலுள்ள ஐந்து பேர் என்ன சாப்பிடுவது என்ற கணக்கை மட்டும் யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. அந்தப் பொறுப்பு அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் தானாக விழுந்துவிடுகிறது.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவை விட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அரசு அறிவித்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கத்து விவசாயிகளுக்கு அந்த ஆண்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஓர் ஆண்டு மறுபடியும் வராது என்று உறுதி சொல்லவும் எவராலும் இயலாது.

இத்தகைய ஆண்டில் வீட்டில் அரிசி தீர்ந்துபோவதில்லை. ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது பருப்பு. பிறகு எண்ணெய், முட்டை, பால், கீரை என்று ஒவ்வொன்றாகக் குறைகின்றன. மிஞ்சுவது சோறும் ரசமும், அல்லது சோறும் ஊறுகாயும். வயிறு நிரம்பிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, குழந்தைக்கு அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருகிறது. குடம் தூக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. கூலி வேலைக்குப் போகும் ஆணுக்கு நண்பகலிலேயே கால் தளர்கிறது. கஷ்ட காலத்தில் உடம்புதான் கடைசி முதல். அதையும் இழந்தால் மருத்துவச் செலவு ஒரு புதுக் கடனாக வந்து சேரும்.

களத்திலேயே ஒதுக்க வேண்டியது

கரிசல் வீடுகளில் ஒரு காலத்தில் குலுக்கை இருந்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் அதில் கிடக்கும். ஒரு மழை தவறினாலும் முந்தைய ஆண்டுத் தானியம் கை கொடுக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் நிலத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, விளைவது முழுவதும் விற்பனைக்கு என்றாகிவிட்டது. மக்காச்சோளம் கோழித் தீவனத்திற்குப் போகிறது. பருத்தியைச் சாப்பிட முடியாது. ஆகவே மழை தவறும் ஆண்டில் வருமானமும் இல்லை, வீட்டில் தானியமும் இல்லை என்று இரட்டை அடி விழுகிறது. இதில் விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை. விலையும் ஆள் பற்றாக்குறையும் அவரை அங்கே தள்ளின. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தானியம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்திற்கு 45 கிலோ. ரேஷனில் 20 கிலோ அரிசி வந்தால் மீதி 25 கிலோ வேறு வழியில் கிடைக்க வேண்டும். பயறு வகைகள் நாளொன்றுக்கு கால் கிலோ என்றால் மாதம் ஏழரைக் கிலோ, ஆண்டுக்கு 90 கிலோ. ரேஷன் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ வாங்கினால், வீட்டில் இருக்க வேண்டியது ஏறக்குறைய 80 கிலோ.

மழை அரைகுறையாகப் பெய்த ஆண்டில் மூன்று ஏக்கரில் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்து ஒன்றிரண்டு குவிண்டால்தான் தேறும். அதைக் களத்திலேயே மொத்தமாக வியாபாரிக்கு அளந்துவிட்டு, அதே பயற்றைப் பங்குனியில் பெட்டிக்கடையில் நூறு நூறு கிராமாக வாங்கும் வீடுகள் உண்டு. களத்தில் கிடைத்த விலைக்கும் கடையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் இதைவிட நஷ்டமான வியாபாரம் வேறில்லை. உண்மையில் பெரும்பாலான வீடுகள் திரும்ப வாங்குவதே இல்லை. பருப்பு இல்லாமலே ஓட்டிவிடுகின்றன. கடன்காரர் நெருக்கும்போது 80 கிலோவையும் நிறுத்த இயலாதுதான். ஆடி மாதம் வரைக்காவது 40, 45 கிலோவை வீட்டுக்கென்று முதலில் அளந்து வைத்துவிட்டு மீதியை விற்பது நலம். முதலில் அளக்காவிட்டால் பிறகு அளக்கவே முடியாது.

வைக்கும் பயற்றை நன்றாகக் காயவைக்க வேண்டும். பல்லில் கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். வண்டு விழாமல் இருக்க, கிலோவுக்கு 5 மில்லி வீதம் சமையல் எண்ணெயை விட்டு, எல்லா மணியிலும் படும்படி கையால் பிசறி, மூடியுள்ள டின்னிலோ பானையிலோ வைக்கலாம். வண்டு முழுப் பயற்றின் மேல்தான் முட்டையிடும். உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் தொல்லை பெரிதும் குறையும். துவரையைச் செம்மண் கட்டி வைக்கும் பழைய வழக்கம் நல்ல வழக்கமே.

நாலுக்கு ஒன்று

1918-இல் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்நாட்டு உணவுப் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு என்று அந்நிறுவனம் வெளியிட்ட அட்டவணைகளைப் பார்த்தால், கஷ்ட காலத்துக்கு உகந்தவை விலை உயர்ந்த பொருள்கள் அல்ல என்பது தெரியும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் புரதம் ஏறக்குறைய 7 கிராம், கம்பில் 11, கொள்ளில் 22, தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் 24-ஐ ஒட்டி. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்தான். இரும்புச் சத்திலும் கம்பு அரிசியை விடப் பல மடங்கு மேல்.

ஒரு முட்டையில் உள்ள புரதம் சுமார் 6 கிராம். ஒரு கைப்பிடி பயற்றில், அதாவது 30 கிராமில், 7 கிராம் இருக்கிறது. ஆனால் பயற்றுப் புரதம் தனியாக நிற்கும்போது அரைகுறை. தானியத்தில் இல்லாத கூறு பயற்றில் உண்டு. பயற்றில் குறைவாக உள்ளது தானியத்தில் உண்டு. இரண்டும் சேரும்போதுதான் உடம்பு அதை நன்றாக ஏற்கிறது. நாலு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது நல்ல அளவு. இயலாத காலத்தில் ஆறுக்கு ஒன்று வரை இறங்கலாம். மேலே போட்ட கால் கிலோ கணக்கு இந்தக் கடைசிப் படிதான். அதற்கும் கீழே இறங்கக் கூடாது.

ரேஷனில் புழுங்கலரிசி, பச்சரிசி இரண்டும் இருந்தால் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியே ஏற்றது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அரைத்தாலும் முழுவதும் போவதில்லை. அதை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினால் மாட்டுக்குத்தான் சத்து. இரண்டு முறை கழுவுவது போதும். வடித்த கஞ்சியை உப்புப் போட்டு வீட்டார் குடிக்கலாம். அல்லது வடிக்காமல் பொங்கிவிடலாம்.

ஒரே பானையில்

கஷ்ட காலத்தில் சோறு, குழம்பு, பொரியல் என்று மூன்று பாத்திரம் வைக்க விறகும் இல்லை, மனமும் இருப்பதில்லை. தானியம், பயறு, கீரை மூன்றும் ஒரே பானையில் வேகும் கஞ்சிச் சோறு இதற்குத் தக்கது. பானையிலேயே பருப்பு கலந்திருப்பதால், பருப்பு ஒருவர் தட்டுக்கும் ரசம் இன்னொருவர் தட்டுக்கும் போகும் வழக்கமும் தானாக நின்றுவிடுகிறது.

கம்பின் மேல் தண்ணீர் தெளித்துச் சிறிது ஊறவிட்டு, உரலில் லேசாக இடித்துப் புடைத்தால் உமி போய்விடும். பிறகு குருணையாக உடைத்துக்கொள்ள வேண்டும். உரல் இல்லாத வீட்டில் மிக்சியில் இரண்டு சுற்று சுற்றினால் போதும். பாசிப்பயறு அல்லது தட்டைப்பயற்றை வாசனை வர வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, முந்தின இரவே ஊறப்போட வேண்டும். உடைத்த கம்பு நாலு டம்ளருக்குப் பயறு ஒரு டம்ளர், தண்ணீர் பதினைந்து டம்ளர் அளவு. தண்ணீர் கொதித்ததும் முதலில் பயறு, அது முக்கால் பதம் வெந்ததும் கம்பைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். அடுப்பைத் தணித்து மூடிவைத்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இரண்டு மூன்று கைப்பிடி முருங்கைக் கீரை, நசுக்கிய பூண்டு, சீரகம், உப்பு சேர்க்கலாம். கடைசியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட வேண்டும். எண்ணெயை ஆடம்பரம் என்று நினைக்கக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே சிறிது கொழுப்பு இருக்க வேண்டும்.

கம்பு இல்லாத வீட்டில் ரேஷன் அரிசியையும் கொள்ளையும் இதே முறையில் பொங்கலாம். திருநெல்வேலிப் பக்கம் காணம் என்று சொல்லப்படும் கொள்ளு வேகத் தாமதமாகும். வறுத்து உடைத்து ஊறவைத்தால் பாதி விறகு மிச்சம். சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்புப் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது பி1 வைட்டமினை அழித்துவிடும்.

மீந்த கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் இருந்தால் மோர் சேர்த்துக் கரைத்துக் குடிப்பது கரிசலில் எல்லாரும் அறிந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ள வெறும் பச்சை மிளகாயும் ஊறுகாயும் என்பதைச் சற்று மாற்றி, கொள்ளுத் துவையல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கைப்பிடி கொள்ளைச் சிவக்க வறுத்து, வற்றல் மிளகாய், பூண்டு, புளி, உப்பு சேர்த்து, இருந்தால் ஒரு சில்லு தேங்காயும் வைத்துக் கெட்டியாக அரைத்தால் ஐந்து பேருக்கு ஆகும். ஊறுகாயிலும் உப்பு மிளகாயிலும் சோற்றை ஓட்டும் வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் இருந்தால் அவருக்கு இத்துவையலையும் உப்புக் குறைத்தே அரைக்க வேண்டும்.

கம்பு மாவைப் பற்றி ஒரு சொல். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் மாவு விரைவில் சிக்கடித்துக் கசக்கும். ஒரு வாரத்துக்கு ஆகும் அளவுக்கு மேல் அரைத்து வைக்கக் கூடாது.

வேலியோரக் கீரை

காடு காய்ந்தாலும் முருங்கை காய்வதில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் போகும் இடத்தில் இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு பப்பாளி இருந்தால் அவ்வீட்டுக்குக் கோடையிலும் கீரை உண்டு. ஆறடி உயரத்தில் கொம்பை வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் பெண்களே எட்டிப் பறிக்கலாம். மழை ஒரு தூறல் போட்டாலும் தரிசில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை முளைக்கும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த காட்டிலும் அதன் வரப்பிலும் பறிக்கக் கூடாது. பக்கத்துக் காட்டுக்காரர் எப்போது அடித்தார் என்று கேட்டுக்கொண்டு பறிப்பது நல்லது.

அதிகமாகக் கிடைக்கும் நாளில் முருங்கை இலையை நிழலில் உலர்த்தி நொறுக்கி வைத்துக்கொண்டால் கஞ்சியிலும் அடை மாவிலும் ஒரு கரண்டி போடலாம். வெயிலில் உலர்த்தினால் வைட்டமின் ஏ சத்து பெரும்பாலும் போய்விடும்.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து எளிதில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, பெருநெல்லி, மாங்காய், கொய்யா இவற்றில் ஏதாவது ஒன்றைக் கூடச் சாப்பிட்டால் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் ஒட்டியதும் போய்விடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம். சோறு குறைகிற காலத்தில் பசியை அடக்கத் தேநீரே உணவாகிவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். நாளுக்கு நாலு டம்ளர் கறுப்புத் தேநீர் குடிக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கு, அவர் சாப்பிடும் கீரை பாதி வீணே.

கடைசியாகச் சாப்பிடுபவர்

"நீ சாப்பிட்டியா?" என்று இரவில் கணவர் கேட்பார். "ஆச்சு, நீங்க படுங்க" என்று பதில் வரும். என்ன ஆயிற்று என்று யாரும் பானையைத் திறந்து பார்ப்பதில்லை. பானையின் அடியில் ஒட்டிய சோறும், கிண்ணத்தில் மிஞ்சிய ரசமும்தான் ஆகியிருக்கும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதை 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. அது நல்ல மழை, கெட்ட மழை எல்லா ஆண்டுக்கும் பொதுவான நிலை. வறட்சி ஆண்டில் தண்ணீருக்கு இரண்டு மைல் கூடுதலாக நடப்பவரும் அதே பெண்தான். வீட்டில் உள்ளதைப் பரிமாறுவதற்கு முன்பே ஐந்து தட்டையும் வரிசையாக வைத்து ஐந்து பங்காகப் போட்டுவிடுவது ஒன்றே இதற்கு வழி. பெரியவர்கள் உள்ள வீட்டில் மருமகள் இதைத் தானாகத் தொடங்க முடியாது. மாமியாரோ மாமனாரோ ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே நடந்துவிடும். செலவு ஒரு காசும் இல்லை.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பங்காகிவிடுகிறது, சில இடங்களில் மாட்டுக்கும் போகிறது. அது அந்தத் தாய்க்கும் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் அளந்து கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு மதிய உணவும் முட்டையும் அங்கே கிடைக்கின்றன. காடு கரைக்குத் துணைக்கு வரட்டும் என்று பள்ளியை நிறுத்தினால் முதலில் போவது அந்த முட்டை.

பாலைச் சொசைட்டிக்கு ஊற்றும் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு டம்ளர் எடுத்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். நாட்டுக்கோழி முட்டைக்கும் இதே விதி.

பல் முளைக்காதவர்க்கு

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் கூழ் கொடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது; நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிரம்பும், சத்து இறங்காது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் இச்சிக்கல் தீரும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் ஒரு பொருள் மாவுச் சத்தை இளக்கிவிடுவதால், அதிக மாவு போட்டாலும் கூழ் இளகலாகவே இருக்கும்.

கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, துணி காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஒன்றிரண்டு நாளில் முளை வந்ததும் வெயிலில் நன்கு உலர்த்தி, கையால் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்து, லேசாக வறுத்து அரைக்கலாம். மூன்று பங்கு இம்மாவுக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பயற்று மாவு கலந்துகொண்டால் போதும். கடையில் டப்பாவில் விற்கும் மாவைக் கஷ்டப்பட்டு வாங்க வேண்டியதில்லை. பூஞ்சணம் பூத்த முளையை மட்டும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். பல் போன முதியவர்களுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இக்கூழ் பொருந்தும்.

வறட்சியில் கிணறும் கண்மாயும் அடி வண்டலுக்கு வந்துவிடும். குழந்தைக்கான தண்ணீரையாவது கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஒரு வாரத்துச் சத்து ஒரு நாளில் போய்விடும்.

இல்லாமையில் எடுக்கக் கூடாதவை

விதை நேர்த்தி செய்து மீந்த விதையை, வீட்டில் ஒன்றும் இல்லை என்று கழுவிச் சமைத்தவர்கள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. அந்தப் பையில் உள்ளதைக் கோழிக்கும் போடக் கூடாது.

கடைசி நேரத்தில் வறட்சி தாக்கிய நிலக்கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் எளிதில் ஏறும். அது உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. நல்ல கடலையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதும் நிறம் மாறியதும் பச்சைப் பொடி படிந்ததுமான பருப்பை வீட்டுக்கு வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். சிக்கனம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பருப்பில்தான் நஞ்சு அதிகம் இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். கறவை மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். நல்ல பருப்பு ஒரு கைப்பிடியும் ஒரு துண்டு வெல்லமும் வேலைக்குப் போகிறவருக்கு அரை வேளைச் சாப்பாடு.

கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் கண்டிருந்தால் மணிகளோடு கறுத்த, நீண்ட பூஞ்சண முடிச்சுகள் கலந்திருக்கும். உணவுக்கு எடுக்கும் கம்பையும் விதைக் கம்பைப் போலவே, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்புக் கரைத்த நீரில் போட்டு, மிதப்பதை அகற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

சோறு இறங்காத மனிதர்

சத்துக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து பேசிவிட்டுப் போன அன்று இது நடக்கும். ஒரு நாள் என்றால் பெரிதில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து சாப்பாடு இறங்காமல், தூக்கமும் இல்லாமல், பேச்சும் குறைந்து, காட்டுப் பக்கம் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் வீட்டார் அதை அலட்சியம் செய்யக் கூடாது. சிலர் மதுக்கடைப் பக்கம் சாய்வார்கள். அங்கே ஒரு நாள் போகும் காசு ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பின் விலை என்பதைச் சொல்லிப் பயனில்லை, அந்த வேளையில் அவர் காதில் ஏறாது.

அத்தகையவருக்குப் பெரிய தட்டு நிறையச் சோறு வைப்பதைவிட, இளஞ்சூட்டில் ஒரு டம்ளர் கஞ்சி, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று என்று சிறிது சிறிதாகக் கொடுப்பது பலன் தரும். பூண்டுக் கஞ்சி, கொள்ளு ரசம், பாசிப்பயற்றுக் கஞ்சி போன்றவை தொண்டையில் இறங்கும். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட வேண்டும். சாப்பிடும் நேரத்தில் கடன் பேச்சு, வட்டிப் பேச்சு எடுக்காமல் இருப்பது வீட்டார் கையில் உள்ள மருந்து. கூட்டுறவு வங்கிக் கடனோ, பயிர்க் காப்பீடோ, நகையோ எதுவாயினும் பகலில், வயிறு நிரம்பிய பிறகு, காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம்.

பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டுத் தாழ்வாரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வைப்பதை எந்த ஆண்டிலும் விட்டுவிட வேண்டும். இத்தகைய ஆண்டில் கட்டாயம். பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வது அவசியம். மனம் உடைந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்ததால் பிழைத்தவர்கள் பலர். அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணிலும், மனநல ஆலோசனைக்கென்றே உள்ள 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. பேசுவது அவராகவும் இருக்கலாம், அவரைப் பற்றிக் கவலைப்படும் மனைவியோ மகளோ ஆகவும் இருக்கலாம்.

இழவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பயிர் செத்த வீட்டுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஒரு பானை கூழோடு ஒரு நாள் சாயங்காலம் அந்தத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தால் தவறாக எடுத்துக்கொள்பவர் யாருமில்லை.

வரும் புரட்டாசிக்கு

மூன்று ஏக்கரில் 20 சென்ட் நிலத்தை வீட்டுக்கென்று பிரித்துவிட்டால் விற்பனைப் பயிருக்குப் பெரிய குறைவு வந்துவிடாது. மானாவாரிக் கம்புக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். 20 சென்டுக்கு 400 கிராம்தான். மழை சுமாராகப் பெய்து ஏக்கருக்கு 500 கிலோ வீதம் கண்டாலும் 20 சென்டில் 100 கிலோ கிடைக்கும். மேலே கண்ட கணக்கில் ரேஷன் அரிசி போக மாதம் 25 கிலோ குறைந்த வீட்டுக்கு அது நான்கு மாதத்திற்கு ஆகும். கம்பு வரிசைகளுக்கு இடையில் தட்டைப்பயறும், பருத்திக் காட்டின் ஓரம் சுற்றிலும் ஒரு சால் துவரையும் போடலாம். துவரையின் வேர் ஆழமாக இறங்குவதால், மற்றவை வாடிய பிறகும் அது பனி ஈரத்தில் நின்று நாலு காய் கொடுக்கும்.

பறவைத் தொல்லை இருக்கும். அக்கம்பக்கத்தில் யாரும் போடாமல் ஒருவர் மட்டும் 20 சென்ட் கம்பு போட்டால் ஊர்ப் படைக் குருவி எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆகவே நாலைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த காடுகளில் ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது. கதிர் பால் பிடிக்கும் பருவம் தொடங்கி அறுவடை வரை முறை வைத்துக் காவல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும்.